கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்: மலிவு ஹேக்கின்டாஷுக்கு எந்தப் புராசஸர்?

ஐ5-9400எஃப். சில ஆண்டுகளுக்கு முன் பழைய கணினிச் சாமான் விற்கும் கடை ஒன்றில் இந்தப் புராசஸரை வாங்கியபோது எண்களை மட்டும்தான் பார்த்தேன். கடைசி எழுத்தைக் கவனிக்கவில்லை. ஆறு கோர், ஒன்பதாம் தலைமுறை, விலையும் கைக்கு அடக்கம். வீட்டுக்கு வந்து மதர்போர்டில் பொருத்தி மானிட்டரை இணைத்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினேன். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: எஃப் என்றால் அந்தச் சில்லுக்குள் கிராபிக்ஸ் பகுதி இயங்காது. விண்டோஸ் போடுவதாக இருந்தால் மூலையில் கிடக்கும் எந்தப் பழைய என்விடியா கிராபிக்ஸ் கார்டையும் செருகிச் சமாளித்திருக்கலாம். நான் போட நினைத்தது ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ். அதற்கு ஏஎம்டியின் குறிப்பிட்ட சில கார்டுகள்தான் ஆகும். கடைசியில் புராசஸரில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு கார்டுக்குப் போனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆப்பிள் தயாரிக்காத கணினியில் மேக்ஓஎஸ் ஓட்டுவதற்கு ஹேக்கின்டாஷ் என்று பெயர். அப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘இந்தக் காசுக்கு எது வேகமான புராசஸர்?’ என்பதைத்தான். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அது சரியான கேள்வி. மேக்ஓஎஸுக்குக் கேட்க வேண்டியது வேறு: இந்தச் சில்லையோ இதன் கூடப்பிறந்த ஒன்றையோ ஆப்பிள் தன் பெட்டி எதிலாவது வைத்து விற்றிருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லை என்று வந்தால், சில்லு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் மீதி வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, மேக் கணினிகள் பவர்பிசி சில்லுகளை விட்டுவிட்டு இன்டெலுக்கு மாறுகின்றன என்று அறிவித்தார். மென்பொருள் எழுதுவோர் முன்கூட்டியே தயாராக வேண்டும் என்பதற்காக ஆப்பிள் ஒரு சோதனைக் கணினியை 999 டாலருக்கு வாடகைக்குக் கொடுத்தது. வெளியே பார்த்தால் பவர்மேக் பெட்டி, உள்ளே 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4. அதாவது, கடையில் யாரும் வாங்கக்கூடிய சில்லு. அதில் வந்த இயங்குதளம் வெளியே கசிந்ததும், நம்மிடம் இருக்கும் கணினியில் இது ஏன் ஓடக்கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு 2020 வரை ஆப்பிள் தன் மேக்குகளுக்குப் பயன்படுத்திய புராசஸர்கள் பெரும்பாலும் இன்டெல் எல்லோருக்கும் விற்ற அதே வரிசைதான். ஹேக்கின்டாஷ் என்ற கதவு திறந்தது இதனால்தான். அந்தக் கதவின் அகலம் எவ்வளவு என்பதையும் இதுவே முடிவு செய்கிறது.

மேக்ஓஎஸ் ஒரு புராசஸரை மூன்று இடங்களில் எதிர்கொள்கிறது. முதலாவது, இயங்குதளத்தின் மையமான கர்னல். தொடங்கும்போதே சில்லிடம் ‘நீ யார்?’ என்று கேட்கும். ஒவ்வொரு புராசஸரும் குடும்ப எண், மாடல் எண் என்று ஒரு விடையைச் சொல்லும். ஆப்பிளின் பட்டியலில் அந்த எண் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம். இரண்டாவது, மின்சார நிர்வாகம். எந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டுவது, எப்போது குறைப்பது என்ற கணக்கை ஒவ்வொரு மேக் மாடலுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கு பொருந்தாவிட்டால் சில்லு சும்மா இருக்கும்போதும் சூடாகும், அல்லது வேலை வரும்போது சோம்பும். மூன்றாவது, கிராபிக்ஸ். பணம் கரைவதும் பலர் இடறுவதும் இங்கேதான். கர்னலை ஏமாற்றலாம், மின்சாரக் கணக்கைத் திருத்தலாம். ஆனால் எழுதப்படாத கிராபிக்ஸ் டிரைவரை எங்கிருந்து கொண்டுவருவது?

இந்த ஏமாற்று வேலைகளையெல்லாம் செய்யும் பூட்லோடர், அதாவது இயங்குதளத்தை எழுப்பும் நிரல், இப்போது ஓப்பன்கோர். முன்பு கமிலியன், அப்புறம் நெடுங்காலம் குளோவர். 2019இல் வெளிவந்த ஓப்பன்கோர்தான் இன்று பொதுவழி. இயங்குதளம் எழுவதற்கு முன்பே இது எழுந்து, ‘இது 2020ஆம் ஆண்டு ஐமேக்’ என்றோ ‘மேக் புரோ’ என்றோ மதர்போர்டின் சார்பில் ஒரு பொய்யைச் சொல்லும். இந்த அடையாளத்தை எஸ்எம்பயாஸ் என்பார்கள். பொய் எவ்வளவு உண்மைக்கு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. ஐமேக்கில் இருந்த அதே சில்லை வைத்துக்கொண்டு ‘நான் ஐமேக்’ என்று சொல்வது கிட்டத்தட்டப் பொய்யே இல்லை. இன்னொரு வேடிக்கை: இன்டெல் மேக்குகளின் தொடக்க காலத்திலிருந்தே ‘மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே’ என்று பெயர் வைத்த ஒரு கோப்பு அதற்குள் இருக்கிறது. ஆப்பிள் வன்பொருளில் இருக்கும் ஒரு சாவியை அது கேட்கும்; ஹேக்கின்டாஷ்காரர்களின் துணை நிரல் அதைக் கொடுத்துவிடும். இயங்குதளத்தின் உரிம ஒப்பந்தம், ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே நிறுவலாம் என்கிறது. புளோரிடாவைச் சேர்ந்த சைஸ்டார் என்ற நிறுவனம் 2008இல் மேக்ஓஎஸ் நிறுவிய கணினிகளைக் கடை விரித்து விற்றது; ஆப்பிள் வழக்குப் போட்டு 2009இல் வென்றது, 2011இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. வீட்டில் தனக்காகக் கட்டிக்கொள்பவரும் அந்த ஒப்பந்தத்தை மீறுகிறார் என்பதில் சந்தேகமில்லை. தெரிந்தே இறங்குங்கள். கட்டி விற்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

சரி, சில்லுகளுக்கு வருவோம்.

இன்டெலின் சில்லுக்குள் இருக்கும் கிராபிக்ஸ்களில் யூஎச்டி 630 என்ற பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ3, ஐ5, ஐ7 சில்லுகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். 2018ஆம் ஆண்டு மேக் மினி, 2019ஆம் ஆண்டு 16 அங்குல மேக்புக் புரோ, 2020ஆம் ஆண்டு 27 அங்குல ஐமேக் எல்லாவற்றுக்குள்ளும் இது இருந்தது. விளையாட்டுக்கு உதவாது. ஆனால் ஆப்பிளே இதற்கு டிரைவர் எழுதியிருக்கிறது. தனி கார்டு வாங்காமலே திரை வழவழவென்று ஓடும், வீடியோவைச் சுருக்கும் வேலையையும் சில்லே பார்த்துக்கொள்ளும். மலிவு ஹேக்கின்டாஷ் என்பதே யூஎச்டி 630 என்ற ஒற்றைத் தூணின் மேல் நிற்கும் கட்டடம் என்றுகூடச் சொல்வேன்.

இந்தத் தூணுக்கு இரண்டு பக்கமும் பள்ளம். அதற்குக் கீழே, பென்டியம், செலரான் சில்லுகள் பலவற்றில் யூஎச்டி 610 இருக்கிறது. பெயரைப் பார்த்தால் தம்பி போலத்தான் தெரியும். எந்த டெஸ்க்டாப் மேக்கிலும் ஆப்பிள் அதை வைக்காததால் மேக்ஓஎஸில் அதற்கு முறையான முடுக்கம், அதாவது திரை வேலையைக் கிராபிக்ஸ் பகுதியே வேகமாகச் செய்யும் வசதி, கிடையாது. ஜன்னலை இழுத்தால் தட்டுத்தடுமாறி நகரும். பென்டியத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அந்தத் தலைமுறைகளின் டெஸ்க்டாப் பென்டியங்களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லை. வென்சுரா பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ் அதை எதிர்பார்க்கிறது. ஏஎம்டி கார்டுகளின் டிரைவர்களும் எதிர்பார்க்கின்றன. ஆக, கார்டு வாங்கிப் போட்டாலும் தப்பிக்க முடியாது. பென்டியம் ஜி6400 என்று யாராவது நாலு காசு குறைத்துச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

மேலே போனால் 11ஆம் தலைமுறையின் யூஎச்டி 750, 12ஆம் தலைமுறையின் யூஎச்டி 730, 770. புதியவை, வேகமானவை, மேக்ஓஎஸைப் பொறுத்தவரை இல்லாதவை. ஆப்பிள் அவற்றைத் தொடுவதற்கு முன்பே, 2020 ஜூனில், தன் சொந்தச் சில்லுக்கு மாறப்போவதாகச் சொல்லிவிட்டது. அந்தக் கிராபிக்ஸுக்கு ஆப்பிள் டிரைவர் வெளியிடவேயில்லை.

ஆகவே மலிவுக்கு என் முதல் தேர்வு ஐ3-10100. 2020இல் வந்தது; நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), 3.6 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 4.3 வரை போகும். உள்ளே யூஎச்டி 630. இந்த எண்களைப் பார்க்கும்போது 2017இல் வந்த ஐ7-7700 நினைவுக்கு வரும்: அதே நான்கு கோர், அதே எட்டு த்ரெட், அதே 3.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.2. 300 டாலருக்கு மேல் விற்ற ஐ7இன் தகுதி, மூன்றே ஆண்டில் 122 டாலர் ஐ3 ஆக இறங்கி வந்தது. ஏஎம்டியின் ரைசன் சில்லுகள் கொடுத்த நெருக்கடி இல்லாமல் இன்டெல் இப்படித் தாராளம் காட்டியிருக்காது. இந்த ஐ3ஐ ஆப்பிள் எந்த மேக்கிலும் வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே பத்தாம் தலைமுறைக் காமெட் லேக் குடும்பத்தின் ஐ5-10500ஐயும் ஐ7-10700கேயையும் 2020 ஐமேக்கில் வைத்தது. குடும்பம் ஒன்று என்பதால் கர்னலுக்கு அறிமுகம் தேவையில்லை. ஐமேக்20,1 என்ற அடையாளம் அப்படியே பொருந்தும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஐ5-10400. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உச்சம் 4.3. ஐமேக்கின் 10500க்கும் இதற்கும் இடையே உள்ள வேறுபாடு சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான். ஆப்பிளின் செயலி எழுதும் கருவியான எக்ஸ்கோடில் நிரல் தொகுப்பவர்களுக்கு இந்த இரண்டு கூடுதல் கோர்கள் நன்றாகவே தெரியும்; தொகுத்தல் என்ற வேலை கோர் எத்தனை கொடுத்தாலும் தின்னும். இணையம், எழுத்து, கொஞ்சம் படத் திருத்தம் என்பவர்களுக்கு ஐ3 போதும், மிச்சக் காசை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடலாம். நான்கு கோரில் 16 ஜிபி ரேம் வைத்திருப்பவர், ஆறு கோரில் 8 ஜிபி வைத்திருப்பவரைவிட நிம்மதியாக இருப்பார். இரண்டு சில்லுமே 65 வாட். கூடவே வரும் விசிறி போதும், தனியாகக் கூலர் வாங்கத் தேவையில்லை.

இங்கேதான் எஃப் எழுத்து மறுபடி வரும். ஐ3-10100எஃப், ஐ5-10400எஃப் என்று இரண்டும் உண்டு. 10400க்கும் 10400எஃப்புக்கும் வெளியீட்டு விலையில் சுமார் 25 டாலர் வேறுபாடு. விளையாட்டுக் கணினி கட்டுபவர்கள் எப்படியும் கார்டு வாங்குவார்கள் என்பதால் அவர்களுக்கு அது லாபம். அதனால்தான் சந்தையில் எஃப் சில்லுகள் நிறையக் கிடக்கின்றன, விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படுவதும் அவைதான். ஹேக்கின்டாஷுக்கு அந்த 25 டாலர் ஒரு கார்டையே கேட்கிறது. கார்டு ஏற்கெனவே இருந்தாலும் ஒரு சிக்கல். எஃப் சில்லை வைத்துக்கொண்டு ‘நான் ஐமேக்’ என்று சொன்னால், ஐமேக்கில் இன்டெல் கிராபிக்ஸ் இருக்குமே என்று மேக்ஓஎஸ் தேடும். படத்தைத் திறந்தால், படம் காட்டும் பிரிவ்யூ செயலி உறைந்து நிற்பது போன்ற விசித்திரங்கள் தொடங்கும். அப்போது ஐமேக் புரோ அல்லது மேக் புரோ என்று அடையாளத்தை மாற்ற வேண்டும். அவற்றின் ஜியான் சில்லுகளில் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் மேக்ஓஎஸ் தேடாது. நானும் அப்படித்தான் தப்பித்தேன். தப்பிக்க ஒரு வாரம் ஆனது.

பழைய பொருள் வாங்குபவர்களுக்கு எட்டாம், ஒன்பதாம் தலைமுறை இன்னும் சல்லிசு. ஐ3-8100ஐக் குறைவாக எடை போட வேண்டாம். நான்கு கோர், த்ரெட் இரட்டிப்பு இல்லை, டர்போ இல்லை, 3.6 கிகாஹெர்ட்ஸில் மாடு போல உழைக்கும். 2019ஆம் ஆண்டு 21.5 அங்குல 4கே ஐமேக்கின் அடிப்படை மாடலுக்குள் இருந்தது இதே சில்லுதான். 2018 மேக் மினியின் தொடக்க மாடலில் இதன் இரட்டையான 8100பி. இந்த ஐ3க்குப் பொய் அடையாளம் கொடுக்கிறோம் என்று சொல்வதே தவறு. தொலைந்த குழந்தையை வீட்டு முகவரியில் சேர்ப்பது போலத்தான். ஐ5-8400, ஐ5-8500 கிடைத்தால் ஆறு கோர். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றே, எல்ஜிஏ1151. சில்லு குழியில் அழகாக உட்காரும். ஆனால் 100, 200 வரிசை மதர்போர்டுகளில் எட்டாம் தலைமுறை எழாது. 300 வரிசை போர்டு வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் தனித்தனியாகப் பொறுக்கி வாங்குபவர்கள் போர்டின் பெயரில் உள்ள முதல் எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

தனித்தனியாக வாங்காமல், அலுவலகங்கள் கழித்துவிட்ட முழுக் கணினியாக வாங்குவது இன்னும் மலிவு. அங்கே ஒரு சுவாரசியம் நடந்திருக்கிறது. விண்டோஸ் 11க்கு, சில விதிவிலக்குகள் தவிர, குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதனால் ஐ5-6500, ஐ5-7500 போட்ட பெட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆப்பிளின் கணக்கில் 2017ஆம் ஆண்டு ஐமேக் வென்சுராவோடு நின்றுவிட்டது. ஆனால் ஏழாம் தலைமுறையின் எச்டி 630உம் எட்டாம் தலைமுறையின் யூஎச்டி 630உம் பெயரில்தான் வேறு, உள்ளே ஏறக்குறைய ஒன்று. மேக்ஓஎஸில் இரண்டுக்கும் முடுக்க டிரைவரும் ஒன்றே. அதனால் ஐமேக்19 என்று அடையாளம் சொல்லி ஐ5-7500இல் புதிய பதிப்புகளையும் ஓட்டுகிறார்கள். ஆறாம் தலைமுறையின் எச்டி 530ஐயும் அதன் அடுத்த தலைமுறை போலக் காட்டி எழுப்புவது உண்டு. முடியும் என்பது வேறு, இன்று காசு கொடுத்து வாங்கலாம் என்பது வேறு. வீட்டில் சும்மா கிடந்தால் சோதனைக்குப் போட்டுப் பாருங்கள். வாங்குவதாக இருந்தால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இன்டெலின் 12ஆம் தலைமுறை ஐ3-12100ஐப் பற்றிச் சொல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அருமையான சில்லு. நான்கு கோர், எட்டு த்ரெட் என்று காகிதத்தில் 10100 போலத்தான் இருக்கும். ஒற்றைக் கோர் வேகத்தில் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 12ஆம் தலைமுறையின் பெரிய சில்லுகளில் வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு சாதி உண்டு. இன்டெல் மேக்குகளில் அப்படி ஒன்றை மேக்ஓஎஸ் பார்த்ததேயில்லை என்பதால், எந்த வேலையை எதற்குக் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. தனி நிரல் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். 12100இலும் 12400இலும் வேகக் கோர் மட்டுமே. அந்தத் தலைவலி இல்லை. பத்தாம் தலைமுறை என்று புராசஸரின் அடையாள எண்ணை மாற்றிச் சொன்னால் கர்னல் ஏற்றுக்கொள்ளும். கிராபிக்ஸ்தான் இடிக்கும். எப்படியும் கார்டு வேண்டும் என்பதால் இங்கே எஃப் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நல்ல ஏஎம்டி கார்டு ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு 12100எஃப்பைவிட நல்ல பேரம் கிடையாது.

ரைசன்? விலைக்குக் கிடைக்கும் கோர் கணக்கில் 2019ஆம் ஆண்டு ரைசன் 5 3600ஐ அடித்துக்கொள்ள அன்று ஆள் இல்லை. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஆனால் ஆப்பிள் ஏஎம்டியின் புராசஸரை எந்த மேக்கிலும் வைத்ததில்லை. கர்னலையே ஆங்காங்கே திருத்தி எழுத வேண்டும். ஆப்பிள் கர்னலின் மூல நிரலை வெளியிடுவதால் தன்னார்வலர்கள் அந்தத் திருத்தங்களைச் செய்து, பதிப்புக்குப் பதிப்பு புதுப்பித்து வருகிறார்கள். திருத்தத்துக்குள் உங்கள் சில்லின் கோர் எண்ணிக்கையை நீங்களே பதிந்தாக வேண்டும். ஆறுக்குப் பதில் எட்டு என்று போட்டால் எழாது. எழுந்த பிறகு ஓட்டம் நன்றாகத்தான் இருக்கும். எது இருக்காது என்றால், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் ஆப்பிளின் மெய்நிகராக்கச் சட்டகம் இன்டெலை நம்பியே எழுதப்பட்டது என்பதால் டாக்கர், பேரலல்ஸ், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஆகியவை அப்படியே ஓடாது. அடோபியின் சில மென்பொருள்கள் இன்டெல் நூலகங்களை அழைத்து நடுவில் விழும். அதற்கும் தனித் திருத்தம். செயலி எழுதுபவர் இதை வாங்கிவிட்டு டாக்கர் ஓடவில்லை என்று அழுவதை நான் பார்த்திருக்கிறேன். ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே வேகா கிராபிக்ஸ் உள்ள சில்லுகளுக்குத் தன்னார்வலர்கள் டிரைவரும் எழுதியிருக்கிறார்கள். அசாத்தியமான வேலைதான், ஆனாலும் தினசரி சோற்றுக்கு அதை நம்பி உட்கார நான் தயாரில்லை.

கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வந்துவிட்டால் சுருக்கமாக இவ்வளவு. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகள் 2017ஆம் ஆண்டு ஹை சியராவோடு நின்றுவிட்டன. அதற்குப் பின் வந்த என்விடியா எதற்கும் டிரைவர் வரவேயில்லை. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 570, 580 மலிவு. ஆர்எக்ஸ் 6600 புதியது, மின்சாரமும் குறைவாகத்தான் குடிக்கும். அதற்கும் கீழ் விலையில் இருக்கும் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் ஓடாது. மலிவு தேடுபவர் சரியாக அதில்தான் போய் விழுவார். ஆர்எக்ஸ் 7000 வரிசைக்கும் டிரைவர் இல்லை. பழைய 580 வாங்கும்போது ‘2048எஸ்பி’ என்று ஒட்டு இருக்கிறதா பாருங்கள். அது பெயரில் 580, உடலில் 570. கிரிப்டோ சுரங்கத்தில் இரவு பகலாக உழைத்து, பயாஸ் என்ற அடிப்படை நிரல் மாற்றப்பட்ட கார்டுகளும் சந்தையில் நிறைய. விண்டோஸில் ஓடிக்காட்டும், மேக்ஓஎஸில் கறுப்புத் திரை காட்டும்.

யூஎச்டி 630ஐ நம்பிக் கட்டுபவர்கள் மதர்போர்டின் முதுகைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். மலிவு எச்410 போர்டுகள் பலவற்றில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ மட்டுமே இருக்கும். விஜிஏ துளையை மேக்ஓஎஸில் நம்ப முடியாது. அந்த எச்டிஎம்ஐயும் பெரும்பாலும் பழைய 1.4 தரம்; 4கே மானிட்டரில் நொடிக்கு 30 சட்டகத்தோடு நின்றுவிடும், சுட்டியை நகர்த்தினாலே தெரியும். டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் 60 கிடைக்கும். சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து அது உள்ள போர்டாக எடுங்கள்.

இப்போது காலக்கணக்கு. 2025 ஜூனில் ஆப்பிள் சொல்லிவிட்டது: மேக்ஓஎஸ் 26, அதாவது டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு. அதிலும் நான்கே நான்கு இன்டெல் மாடல்கள்தான் இடம்பெற்றன: 2019 மேக் புரோ, 2019ஆம் ஆண்டு 16 அங்குல மேக்புக் புரோ, 2020ஆம் ஆண்டு 27 அங்குல ஐமேக், 2020ஆம் ஆண்டு 13 அங்குல மேக்புக் புரோவில் நான்கு தண்டர்போல்ட் துளை உள்ளது. இந்தப் பட்டியலில் ஐமேக்கும் 16 அங்குல மேக்புக்கும் இருப்பதால் யூஎச்டி 630இன் டிரைவர் டாஹோவிலும் பிழைத்துக்கொண்டது. ஐ3-8100 இருந்த மேக் மினிக்கும் 2019 ஐமேக்குக்கும் இடமில்லை. அவை டாஹோவுக்கு முந்தைய பதிப்பான செக்கோயாவோடு நின்றன. பத்தாம் தலைமுறைக்கு நான் முதலிடம் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் டாஹோவில் ஆப்பிள் பழைய ஒலி டிரைவரை எடுத்துவிட்டதால், மதர்போர்டின் ஒலித் துளை சும்மா வேலை செய்யாது. யூஎஸ்பி ஒலிக்கருவியோ கூடுதல் திருகு வேலையோ வேண்டும். நான் செக்கோயாவிலேயே இருக்கிறேன். எக்ஸ்கோடு 26இன் தொடக்கப் பதிப்புகள் அதில் ஓடும், ஆப் ஸ்டோருக்குச் செயலி அனுப்புபவருக்கு இப்போதைக்கு அதுவே வேண்டியது. ஆப்பிள் வழக்கமாக நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கும். அந்தக் கணக்குப்படி டாஹோவுக்கு 2028 வரை ஆயுள்.

எதிர்ப்பக்கம் எம்4 மேக் மினி நிற்கிறது. 2024 நவம்பரில் வந்தபோது இந்தியாவில் 59,900 ரூபாய், 16 ஜிபி ரேமுடன். ஒற்றைக் கோர் வேகத்தில் ஐ3-10100ஐப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்; உள்ளங்கையில் வைத்துத் தூக்கலாம். கேபினெட், பவர் சப்ளை, போர்டு, ரேம் என எல்லாவற்றையும் புதிதாக வாங்கி ஹேக்கின்டாஷ் கட்ட நினைப்பவருக்கு என் பதில் இதுதான்: கட்டாதீர்கள், இன்னும் சில மாதம் சேர்த்து மினியை வாங்குங்கள். அன்று, 2012இலோ 2017இலோ, நிலைமை வேறு. ஆப்பிள் டெஸ்க்டாப்பின் விலையில் பாதிக்கு அதே வேகம் கிடைத்தது. அதனால்தான் இத்தனை பேர் இதில் இறங்கினார்கள்.

இன்றும் பொருந்தும் ஆட்கள் உண்டு. வீட்டில் ஐ5-10400 போட்ட கணினி ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மேக்ஓஎஸ் போட்டுப் பார்க்க ஆசை என்பவருக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஐபோன் செயலி எழுதப் பழகும் கல்லூரி மாணவருக்கு, அலுவலகத்திலிருந்து கழித்த எட்டாம் தலைமுறைப் பெட்டி ஓரிரு ஆண்டு தாங்கும். வேலை கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவதாக, பழைய 32 பிட் மென்பொருள்களை விட முடியாத இசைக்காரர்கள். அவை ஓடும் கடைசிப் பதிப்பு 2018இல் வந்த மொஹாவி. எம்4இல் அதை நிறுவவே முடியாது. அவர்களுக்குப் பத்தாம் தலைமுறை வேண்டாம், அது மொஹாவிக்குப் பின் வந்தது. எட்டாவது அல்லது ஒன்பதாவது தலைமுறையே சரி. இவர்கள் புதுப்பித்தல் என்ற பேச்சையே எடுக்கப்போவதில்லை என்பதால் 2028 பற்றிக் கவலையும் இல்லை.

கடைக்குப் போகும்போது சில்லைத் தனியாக வாங்கினால் அதன் உலோக முதுகில் பொறித்திருக்கும் பெயரை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். வெப்பப் பசை படிந்திருந்தால் துடைத்துவிட்டுப் படியுங்கள். முழுப் பெட்டியாக வாங்கினால் கார்டு எதுவும் இல்லாமல், போர்டின் டிஸ்ப்ளேபோர்ட்டில் மானிட்டரைச் செருகி எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரை வந்தால் எஃப் இல்லை. என்னுடைய 9400எஃப் இப்போது மேக்ஓஎஸ் ஓட்டுவதில்லை. ஆர்எக்ஸ் 580ஐத் தம்பி மகன் விளையாடக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். திரையே இல்லாத லினக்ஸ் சர்வராக, பரணுக்கு அடியில் குடும்பப் படங்களைச் சேமித்துக்கொண்டிருக்கிறது.